கைப்பிடிக் கடலையும் கால் கிலோ கடலையும்

எங்கள் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் முதலாண்டு மாணவர் ஒருவர், ஒருநாள் ஆய்வகத்தில் தயங்கியபடி என்னிடம் வந்தார்.

"சார், ஒரு மாதமாக இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாகத் தினமும் கால் கிலோ வறுத்த கடலை தின்கிறேன். கடலையில் புரதம் அதிகம், இதயத்துக்கும் நல்லது என்கிறார்கள். செலவும் குறைகிறது. ஆனால் வயிறு எப்போதும் மந்தமாக இருக்கிறது. நான் செய்வது சரியா?" என்று கேட்டார்.

"உட்கார், தம்பி. முதலில் ஒரு கடலையை எரித்துப் பார்ப்போம்" என்றேன்.

எரியும் கடலை

அரை கிராம் எடையுள்ள ஒரு கடலைப் பருப்பை ஊசியில் குத்தி, ஊசியின் மறுமுனையைத் தக்கையில் நிறுத்தினோம். பெரிய சோதனைக்குழாய் ஒன்றில் 20 மில்லி லிட்டர் நீர் ஊற்றித் தாங்கியில் பொருத்தினோம். பருப்பைச் சுடரில் காட்டியதும் அது பற்றிக்கொண்டு விளக்குத் திரி போல எரிந்தது. அதைக் குழாயின் அடியில் வைத்தோம். எரிந்து முடிந்தபோது நீரின் வெப்பநிலை 30 டிகிரியிலிருந்து 70 டிகிரி செல்சியசுக்கு உயர்ந்திருந்தது. (இதை நீங்களும் ஆசிரியரின் துணையோடு செய்து பார்க்கலாம். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் விலகியிருக்க வேண்டும்.)

20 கிராம் நீர் 40 டிகிரி சூடேறினால் அது பெற்ற வெப்பம் 800 கலோரி, அதாவது 0.8 கிலோ கலோரி. ஆனால் அரை கிராம் கடலையில் ஏறத்தாழ 2.8 கிலோ கலோரி ஆற்றல் உண்டு. மீதி எங்கே போயிற்று? காற்றையும் கண்ணாடியையும் சூடாக்குவதில் செலவாகிவிட்டது. ஆகவேதான் அறிவியலார் நாற்புறமும் நீர் சூழ்ந்த பாம் கலோரிமானியில் உணவை எரித்து அளக்கிறார்கள்.

இந்த 2.8 கிலோ கலோரியில் ஐந்தில் ஒரு பங்கை நம் தசைகள் வேலையாக மாற்றுவதாகக் கொள்வோம். 50 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறத்தாழ 5 மீட்டர் உயரம் ஏற அது போதும். ஒரே ஒரு கடலை நம்மை முதல் மாடிக்கு ஏற்றிவிடுகிறது! கால் கிலோவில் இத்தகைய பருப்புகள் 500 இருக்கும். அவற்றின் ஆற்றல் 1400 கிலோ கலோரி. கடல் மட்டத்திலிருந்து உதகமண்டலத்தின் உயரத்துக்கு ஏறவே அது போதும். உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவரின் ஒரு நாள் தேவையில் இது ஏறத்தாழப் பாதி.

உடல் கலோரிமானி அல்ல

தின்ற கடலை முழுவதும் உடலில் சேருமா என்ற வினா எழலாம். அமெரிக்க வேளாண்மைத் துறை அறிவியலார் 2012ஆம் ஆண்டில் பாதாம் பருப்பைக் கொண்டு இதை அளந்தனர். வழக்கமான கணக்குப்படி 28 கிராம் பாதாமில் ஏறத்தாழ 170 கிலோ கலோரி இருக்க வேண்டும். உண்டவர்களின் உடல் பெற்றதோ 129 மட்டுமே. கொழுப்பு செல்சுவர்களுக்குள் அடைபட்டிருப்பதால், நன்றாக மெல்லப்படாத துணுக்குகள் செரிக்காமலே வெளியேறிவிடுகின்றன. கைப்பிடிப் பருப்பு எடையை எளிதில் கூட்டுவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லை எங்கே?

அப்படியானால் கடலை நல்லதுதானே? நல்லதுதான். ஸ்பெயின் நாட்டில், இதய நோய் வரும் வாய்ப்பு மிகுந்த ஏறத்தாழ 7400 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பிரிவினர் காய்கறி, மீன் முதலியவை நிறைந்த உணவோடு தினமும் 30 கிராம் அக்ரூட், பாதாம், ஹேசல் பருப்புகளை உண்டனர். அவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைவாகவே காணப்பட்டன. 2013இல் வெளியான இம்முடிவு, ஆய்வின் சில குறைகள் திருத்தப்பட்டு 2018இல் மீண்டும் வெளியானபோதும் பெரிதும் மாறவில்லை.

30 கிராம் நல்லது என்றால் 240 கிராம் எட்டு மடங்கு நல்லதா? சுருள்வில்லை நினைத்துப் பாருங்கள். எடையைக் கூட்டக் கூட்ட வில் அதே விகிதத்தில் நீளும் என்பது ஹூக் விதி. ஆனால் மீட்சி எல்லையைத் தாண்டினால் வில் பழைய நிலைக்குத் திரும்பாது. வரைபடத்தின் நேர்கோட்டை நம் விருப்பம்போல் நீட்டிக்கொண்டே போக முடியாது அல்லவா? உணவும் அப்படித்தான். பிரேசில் கொட்டை இதற்குத் தக்க சான்று. அதில் செலினியம் மிக அதிகம். உடலுக்கு அது சிறிதளவு தேவை. ஆனால் பல கொட்டைகளை நாள்தோறும் தின்றால் முடி உதிரும், நகம் நொறுங்கும்.

நம் நிலக்கடலையைப் பார்ப்போம். கால் கிலோவில் புரதம் 60 கிராமுக்கு மேல் உண்டு. ஆனால் கொழுப்பு அதைப் போல இரு மடங்கு. வைட்டமின் சி இல்லை, வைட்டமின் ஏ இல்லை, பி12 இல்லை. சாப்பாட்டோடு சேர்த்து இவ்வளவு தின்றால் எடை கூடும். சாப்பாட்டுக்குப் பதிலாகத் தின்றால் கீரையும் காயும் பழமும் தர வேண்டியவை கிடைக்காமல் போகும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மாண்டன. அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது. அப்பூஞ்சை உண்டாக்கிய அஃப்லடாக்சின் என்னும் நச்சே காரணம் என்று பின்னர் கண்டறிந்தனர். கல்லீரலைக் கெடுக்கும் இந்த நச்சு, வறுத்தாலும் முழுவதும் அழிவதில்லை. கெட்டுப்போன கடலையை எவ்வளவு அதிகமாகத் தின்கிறோமோ, அவ்வளவு நச்சு உள்ளே போகும். ஆகவே சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் பருப்பைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

அந்த மாணவர் மறுநாளே இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பினார். சில வாரங்களில் வயிற்று மந்தமும் நீங்கியது. கடலையை அவர் விடவில்லை, விடவும் வேண்டியதில்லை. ஒரு மாலை, அவர் கை கொண்ட மட்டும் கடலையைத் தாளில் இட்டு ஆய்வகத் தராசில் நிறுத்தோம். 31 கிராம் இருந்தது.

"இதற்குத் தராசே வேண்டாம் போலிருக்கிறதே, சார்!" என்று சிரித்தார்.

உங்கள் கைப்பிடி எத்தனை கிராம்? இன்றே நிறுத்துப் பாருங்கள்.