வீடு இடம் பெயர்தல்

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. ஒரு வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் மனிதன் படும் பாட்டை இது சுருங்கச் சொல்லுகிறது. அவ்வாறு அரும்பாடுபட்டுக் கட்டிய வீட்டை, நின்ற இடத்திலிருந்து வேறோர் இடத்திற்குக் கொண்டு செல்ல நேர்ந்தால் என் செய்வது? நத்தை தன் கூட்டைத் தானே சுமந்து செல்லும். மனிதனுடைய வீடோ மண்ணில் வேரூன்றி நிற்பது. ஆயினும் அதனையும் பெயர்த்துச் செல்லும் வழியை அவன் கண்டறிந்துள்ளான்.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்கள் உள்ளன. இப்பகுதி ஏரிகள் மிகுந்தது. 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் தோன்றின. நாளடைவில் வயல்களும் தோப்புகளும் வீட்டு மனைகளாயின. மக்கள் தம் சேமிப்பையெல்லாம் செலவிட்டு அங்கு வீடு கட்டிக்கொண்டனர். சாலைகளின்மேல் மீண்டும் மீண்டும் தார் இடப்பட்டமையால், ஒரு காலத்தில் சாலையினும் உயர்ந்திருந்த வீடுகள் பல, பின்னர்த் தாழ்ந்துபோயின. 2015-ஆம் ஆண்டின் பெருமழையில் சென்னையிலும் புறநகர்களிலும் எண்ணற்ற வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. இத்தகைய வீட்டை இடித்துவிடுவதா, உயர்த்துவதா, மனையின் மேடான பகுதிக்கு நகர்த்துவதா என்னும் வினா உரிமையாளர் முன் எழுகிறது.

வீட்டை இடம் பெயர்ப்பதற்கு இரு வழிகள் உண்டு. முதலாவது, பகுதி பகுதியாகப் பிரித்து வேறிடத்தில் மீண்டும் பூட்டுதல். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்ரா என்னும் காட்சியகம் இதற்குத் தக்க சான்று. இடிபட இருந்த பழைய வீடுகளைத் தென்மாநிலங்களிலிருந்து வாங்கிப் பிரித்துக் கொணர்ந்து அங்கே மீண்டும் எழுப்பியுள்ளனர். செட்டிநாட்டு வீடும் அவற்றுள் ஒன்று. எகிப்து நாட்டில் அணை நீரில் மூழ்க இருந்த அபு சிம்பெல் கோயில்களும் 1964 முதல் 1968 வரை பெருங்கற்களாக அறுக்கப்பட்டு, மேட்டு நிலத்தில் அமைக்கப்பட்டன.

மரத்தாலும் கல்லாலும் ஆன கட்டடங்களுக்கு இம்முறை பொருந்தும். தூணையும் கதவையும் கழற்றலாம், மீண்டும் பூட்டலாம். சிமெண்டுக் கலவையிட்ட செங்கற்சுவரையும் கான்கிரீட்டுக் கூரையையும் அவ்வாறு கழற்ற இயலாது. ஆகவே, அத்தகைய வீட்டை முழுமையாகவே நகர்த்துதல் வேண்டும். இதுவே இரண்டாம் வழி.

இவ்வழியில் இரண்டு இடையூறுகள் உள்ளன. ஒன்று எடை. நூறு சதுர மீட்டர் பரப்பும் பன்னிரண்டு சென்டிமீட்டர் கனமும் உடைய கான்கிரீட்டுக் கூரை மட்டுமே ஏறத்தாழ 30 டன் எடையிருக்கும். சுவர்களையும் சேர்த்தால் மொத்த எடை நூறு டன்னையும் கடந்துவிடும். மற்றொன்று சுவரின் இயல்பு. செங்கற்சுவர் மேலிருந்து வரும் பெரும் பாரத்தைத் தாங்கும்; வளைவையோ இழுப்பையோ தாங்காது. வீட்டின் ஒரு மூலை மற்ற மூலைகளைவிடச் சிறிதே உயர்ந்தாலும் சுவர் வெடித்துவிடும். எனவே, வலிமையினும் சமநிலையே இப்பணிக்கு இன்றியமையாதது.

வீட்டைத் தொடுமுன் செய்யவேண்டியவை பல. புதிய இடம் தமக்கே உரியதென்பதைப் பட்டாவாலும் நில அளவையாலும் உறுதி செய்துகொள்ளல் வேண்டும். உரிய அலுவலகத்தில் வரைபட ஒப்புதல் பெறவேண்டும். பொறியாளரைக் கொண்டு சுவரையும் மண்ணையும் ஆராயவேண்டும். களிமண் நிலம் மழையில் பருத்து வெயிலில் சுருங்கும் ஆதலின், புதிய அடித்தளத்தை அதற்கேற்ப அமைத்து, நன்கு இறுகவிடுதல் வேண்டும். மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளைத் துண்டித்தபின், வீட்டிலுள்ளோர் அனைவரும் வெளியேறிவிடல் வேண்டும்.

பின்னர்ச் சுவரோரமாகப் பள்ளம் தோண்டி அடித்தளத்தை வெளிப்படுத்துவர். சுவரின் அடியைச் சிறிது சிறிதாக அறுத்து, அவ்விடங்களில் இரும்பு உத்தரங்களைச் செருகுவர். அவற்றின் கீழ் ஜாக்கி எனப்படும் தூக்கிகளை நெருக்கமாக வைப்பர். மேஸ்திரி குரல் கொடுத்ததும், தொழிலாளர் அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே அளவாகத் திருகுவர். வீடு நூலளவு நூலளவாக உயரும். உயர உயர அடியில் கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுப்பர். வீட்டை உயர்த்துவது மட்டுமே நோக்கமாயின், இடைவெளியில் புதிய சுவர் எழுப்பி, அது இறுகிய பின்னர் ஜாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவர்.

வீட்டை நகர்த்த வேண்டுமாயின், புதிய அடித்தளம்வரை தண்டவாளம் போன்ற உறுதியான பாதையை ஒரே மட்டமாக அமைப்பர். உத்தரங்களோடு வீட்டை உருளைகளின்மேல் இறக்கி, மெல்லத் தள்ளிச் செல்வர். புதிய அடித்தளத்தை அடைந்ததும், வீட்டை அதன்மேல் இருத்தி, இடைவெளிகளைக் கலவையால் நிரப்புவர்.

இம்முறையின் திறத்தை மைசூருக்கு அருகிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணம் கண்டது. அங்குத் திப்பு சுல்தான் காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்று, இரட்டை இருப்புப்பாதை அமைக்கும் வழியில் குறுக்கிட்டது. ஏறத்தாழ 1000 டன் எடையுள்ள அக்கட்டடத்தை இடிக்க மனமின்றி, 2017-ஆம் ஆண்டு முழுமையாகவே தூக்கி, வேறோர் இடத்திற்கு நகர்த்தினர். இரு நூற்றாண்டு கடந்த செங்கற்கட்டடம் சிதையாமல் புதிய இடத்தில் அமர்ந்தது.

எனினும் எல்லா வீடுகளும் இவ்வாறு பெயர்க்கத் தக்கன அல்ல. சுவர் உளுத்திருந்தாலும், கம்பி துருவேறியிருந்தாலும், பக்கத்து வீடு ஒட்டி நின்றாலும் இம்முயற்சியைக் கைவிடுதலே அறிவுடைமை. செலவைக் குறைக்க எண்ணிப் பொறியாளரை நீக்கிவிடுவதும், அவசரப்படுவதும் கேடு தரும். 2022-ஆம் ஆண்டு சென்னையின் தெற்குப் புறநகரில் வீடு ஒன்றை உயர்த்துகையில் சுவர் சரிந்து, தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். வீட்டைக் காக்கும் முயற்சியில் உயிரை இழப்பது எவ்வளவு கொடுமை! வீடு போனால் மற்றொன்று கட்டலாம். உயிர் போனால் மீளுமோ?

நூறு டன் வீட்டைத் தனியொருவன் தன் தோள்வலியால் அசைக்கவும் முடியாது. பலர் ஒரு குரலுக்கு இசைந்து, முந்தாமலும் பிந்தாமலும் தத்தம் ஜாக்கியைத் திருகும்போது அவ்வீடு எழுகின்றது. அவருள் ஒருவர் மட்டும் விரைந்து திருகினாலும் சுவர் பிளக்கும். முன்னேற்பாடும், பொறுமையும், ஒற்றுமையும் கூடிய இடத்தில், மண்ணில் வேரூன்றிய வீடும் மனிதன் வேண்டிய இடத்திற்குச் சென்று அமரும்.