சுண்ணாம்பும் நம் கண்களும்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வட்டாரத்தை நம் முன்னோர் சுண்ணாம்புக் கம்பம் என அழைத்தனர். 19ஆம் நூற்றாண்டில் அங்குச் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தமையே அதற்குக் காரணம். இன்று லிட்டில் இந்தியா எனப்படும் அவ்விடத்திலுள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயமும் முன்பு சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என வழங்கப்பட்டது. 1862இல் வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்களுக்குச் சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைக் கலந்து பூசினர். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்த கட்டடம் அது.

நகரை எழுப்பிய அப்பொருள் நம் வெற்றிலைப் பெட்டியிலும் இருக்கிறது. நாள்தோறும் பழகுவதால் அதன் கடுமையை நாம் மறந்துவிடுகிறோம்.

சுட்ட சுண்ணாம்பில் நீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். நீற்றிய பின் சூடு தணியும், காரம் தணியாது. ரப்பர்ப் பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலத்திற்கு நாம் அஞ்சுகிறோம். ஆனால் கண்ணில் படும் காரம், அமிலத்தைவிட ஆழமாக ஊடுருவக்கூடியது. இந்தியாவில் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிதுக்கி விளையாடிய பிள்ளைகள் பார்வை இழந்ததை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய்வழி ஊதினால் அது பால்போல் வெளுக்கும். நம் மூச்சிலுள்ள கரியமில வாயுவே காரணம். பள்ளிப் பிள்ளைகள் இச்சோதனையை வீட்டில் செய்ய விரும்பினால் பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். சுட்ட சுண்ணாம்பைத் தொடவே கூடாது. நீற்றிய சுண்ணாம்பில் சிறிதளவை நீரில் கலந்து, தெளிந்ததை மட்டும் வடித்தெடுக்க வேண்டும். கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அணிதல் அவசியம். குழாயில் மெதுவாக ஊத வேண்டும், உறிஞ்சலாகாது. மிஞ்சிய நீரைக் குடிபானப் புட்டியில் ஊற்றி வைப்பது பேராபத்து. வெற்றிலைச் சுண்ணாம்பையும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைப்போமாக.

தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் ஒரு நொடியும் தாமதியாமல் குழாய் நீரால் கழுவுக. இமைகளை விரித்து, உள்ளே ஒட்டியுள்ள துகள்கள் வெளியேறும்படி அரைமணி நேரமேனும் நீர் ஓடவேண்டும். கண்ணைக் கசக்கலாகாது. விளக்கெண்ணெய், தாய்ப்பால், புளிக்காடி எதையும் விடலாகாது. கழுவிய பின், வலி குறைந்திருப்பினும், மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

மருத்துவமனை தொலைவில் இருக்கலாம். தண்ணீர்க் குழாயோ நம் வாசலில் இருக்கிறது. பார்வையைக் காப்பது அந்த முதல் அரைமணி நேரமே.