ஈரலிற் பரவிய குடற்புற்றும் ரண சிகிச்சையும்

பெருங்குடலில் தோன்றிய புற்று கல்லீரலையும் பற்றிவிட்டதென வைத்தியர் உரைப்பாராயின், இனிச் செய்யத்தக்கது யாதுமில்லையென்றே நம்மிற் பலர் துணிந்துவிடுகின்றனர். அத்துணிவு எல்லார்க்கும் பொருந்தாதென்பதை விளக்கவே இதனை எழுதப் புகுந்தோம்.

குடலினின்று மீளும் இரத்தம் நேரே இருதயத்திற்குச் செல்வதன்று. போர்ட்டல் சிரை வழியாக முதலில் ஈரலை அடைந்து, அங்குள்ள நுண்குழல்களினூடே வடிந்த பின்னரே மேற்செல்லும். விலங்கியல் பயின்ற நம் பழைய மாணவர் தவளையினுடலில் இச்சிரையைக் கண்டிருப்பர். ஆதலின் குடற்கட்டியினின்று கழன்ற உயிரணுக்கள் பெரும்பாலும் ஈரலிலேயே தங்கி வேரூன்றுகின்றன. நோய் அவ்வளவில் நின்றிருக்கும் சிலரிடத்து, அப்பகுதியை அறுத்தெடுப்பதால் நோய் முற்றும் நீங்குதலும் உண்டு.

ஆனால் ஈரலோ இரத்தம் நிறைந்த பஞ்சு போன்றது; கத்தி பட்ட இடமெல்லாம் பெருகும். ஈரலுட் புகும் குழாய்களை ஒருங்கே சிறிது நேரம் நெருக்கிப் பிடித்து இப்பெருக்கை அடக்கும் உபாயத்தைக் கிளாஸ்கோ நகரத்துப் பிரிங்கிள் 1908-ல் வெளியிட்டார். இத்துணை எளிய உபாயம் இன்றும் கையாளப்படுவது வியப்பே. 1957-ல் பிரெஞ்சு தேசத்துக் குய்னோ, ஈரல் தனித்தனி இரத்தவோட்டமுடைய 8 கூறுகளாலாயதென்று காட்டினார். அறுப்போர்க்கு அது வழிகாட்டும் படமாயிற்று.

எஞ்சும் ஈரல் போதுமா என்பதே பெருங்கவலை. பழுதற்ற ஈரலில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு எஞ்சினாற் போதும். புற்றுக்கான மருந்துகளால் நைந்த ஈரலாயின் 30 பங்கேனும் வேண்டும். கிரேக்கர் கதையிற் பிரமீதியஸின் ஈரலைக் கழுகு பகலில் தின்ன, இரவில் அது வளர்ந்ததாம். மெய்யான ஈரலும் வளரும்; ஆயின் சில வாரங்கள் செல்லும். எஞ்சுவது போதாதெனத் தோன்றின், நீக்கவேண்டிய பக்கத்துச் சிரைக்கிளையை முன்னரே அடைத்துவிடுவர். இரத்தம் மறுபக்கம் பாய, அப்பக்கம் பருக்கும், அதன்பின் அறுப்பர்.

தக்கவரைத் தெரிந்து செய்தவிடத்து, பதின்மரில் ஏறக்குறைய நால்வர் ஐந்தாண்டுகட்கு மேல் வாழ்கின்றனர். பலர்க்கு நோய் மீளத் தோன்றுவதையும் மறைத்தலாகாது; அவருட் சிலர்க்கு மறுமுறையும் அறுத்தல் இயலும்.

அறுத்தெடுக்கவே இயலாத நிலையினருள் தெரிந்தெடுத்த சிலர்க்கு, ஈரல் முழுவதையும் மாற்றிவைத்துப் பார்த்த ஆராய்ச்சியொன்று பிரெஞ்சு வைத்தியர் தலைமையில் நடந்து 2024-ல் வெளிவந்தது. மருந்தோடு மாற்றீரலும் பெறும் பிரிவினருள் ஐந்தாண்டு பிழைத்தோர் நூற்றுக்கு 57. மருந்து மட்டும் பெறும் பிரிவினருள் 13.