செஸ் அழைப்பு ஏன் போய்ச் சேரலை? ரேட்டிங் எல்லை பத்தி ஒரு விளக்கம்

மேலூர், உசிலம்பட்டி பக்கம் செஸ் கத்துக்கிற பசங்க என்கிட்ட அடிக்கடி கேக்குறது இது: "அண்ணே, லிசெஸ்ல பெரிய ரேட்டிங் உள்ளவருக்கு அழைப்பு அனுப்பினா, உங்க ரேட்டிங் ரொம்பத் தள்ளி இருக்குன்னு தடுத்துருது. நாங்க எப்பதான் பெரிய ஆளுங்களோட ஆடுறது?" ஊர்ல பலமான எதிராளி கிடைக்காத பிள்ளைக்கு இது நியாயமான ஆதங்கம்தான்.

முதல்ல ஒண்ணு, அவர் உங்களை வேண்டாம்னு சொல்லலை. யார் தனக்கு அழைப்பு அனுப்பலாம்னு ஒவ்வொருத்தரும் அமைப்புகள்ல தேர்வு செய்யலாம். 1900 ரேட்டிங் உள்ளவர் ±300 வெச்சிருந்தா, 1600 முதல் 2200 வரை உள்ளவங்க அழைப்புதான் போகும். உங்க அழைப்பு அவர் கண்ணுலயே பட்டிருக்காது.

ஏன் இப்படி ஒரு எல்லை? எலோ கணக்குப்படி 300 புள்ளி கூடுதலா உள்ளவர் 100 ஆட்டத்துல சுமார் 85 புள்ளி எடுக்கணும். கே மதிப்பு 20ன்னு வைங்க: ஜெயிச்சா அவருக்கு 3 புள்ளி, தோத்தா 17 போயிடும். லிசெஸ்ல இருக்கிற கிளிக்கோ-2 முறையில எண்கள் மாறும், அடிப்படை இதேதான்.

சரி, வழி என்ன?

ஒண்ணு: ரேட்டிங் பக்கத்துல கேள்விக்குறி இருந்தா அது இன்னும் உறுதியாகலைன்னு அர்த்தம். அதனாலயும் அழைப்பு தடைபடும். ஆட ஆட அது போயிடும். பிளிட்ஸ், ரேபிட் ரெண்டுக்கும் ரேட்டிங் தனித்தனிங்கிறதையும் கவனிங்க.

ரெண்டு: குறிப்பிட்ட ஆளைக் கூப்பிடாம பொது அழைப்பு போடுங்க. கீழே 50, மேலே 200னு எல்லை வைக்கலாம். அவர் உங்க எல்லைக்குள்ள, நீங்க அவர் எல்லைக்குள்ள இருந்தாத்தான் ஜோடி சேரும். எல்லை குறுகினா காத்திருப்பு நீளும்.

மூணு: அரினா போட்டிகள்ல சேருங்க. அங்க ஜோடி சேர்க்கிறது போட்டியோட தரவரிசைதான், உங்க அழைப்பு எல்லை இல்லை.

2022 பிப்ரவரியில ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் இணையப் போட்டியில, 16 வயசு பிரக்ஞானந்தா கறுப்புக் காய்களோட ஆடி 39 நகர்வுல கார்ல்சனை ஜெயிச்சார். அப்ப கார்ல்சன் ரேட்டிங் 2865, நம்ம தம்பி சுமார் 250 கீழே. அந்த ஆட்டம் தனி அழைப்புல நடக்கலை, போட்டி அட்டவணையில வந்துச்சு. அதனால கதவு சாத்தியிருக்குன்னு ஆட்டத்தை விட்றாதீங்க, அரினா வழியா உள்ள போங்க.