மாதிரி இருப்புப்பாதைக்குச் சுழல்மேடை தேர்ந்தெடுத்தல்: மதுரை – போடி மீட்டர்கேஜ் பாதையை முன்வைத்து

சுழல்மேடை என்பது நீராவி எஞ்சினை முன்பின்னாகத் திருப்ப உதவும் அமைப்பு ஆகும். ரயில்வேக்காரர்கள் இதனை டர்ன்டேபிள் என்றே சொல்வர். வட்டமான பள்ளம், அதன் நடுவில் ஒரு சுழல்முனை, அதன்மேல் ஒரு துண்டுத் தண்டவாளம் தாங்கிய பாலம் ஆகியவை இதன் உறுப்புகள். எஞ்சின் பாலத்தின்மேல் ஏறி, எடை இரு பக்கமும் சமமாகும் இடத்தில் நிற்கும். பின்னர் ஆட்கள் பாலத்தின் முனையிலுள்ள கட்டையைப் பிடித்துத் தள்ளுவர். எடை சரியாக அமைந்தால் பல டன் எடையுள்ள எஞ்சினையும் சிலர் சேர்ந்து திருப்பிவிட முடியும். அமையாவிட்டால் அசையாது.

மாதிரி ரயில் அமைப்பில் சுழல்மேடைதான் திருத்த முடியாத உறுப்பு. தண்டவாளத்தைப் பெயர்த்து மாற்றி வைக்கலாம், கட்டடத்தை நகர்த்தலாம். பலகையில் வெட்டிய வட்ட ஓட்டையை மூட முடியாது. ஆகவே வாங்குவதற்கு முன்பே அளவும் காலமும் முடிவாக வேண்டும்.

காலத்தை முதலில் முடிவு செய்தல்

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் செல்லும் சுமார் 90 கி.மீ. பாதை 1928-இல் மீட்டர்கேஜாகத் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950-களில் மீண்டும் போடப்பட்ட பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியோடு மூடப்பட்டது. அகலப்பாதை வண்டி 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் மாதம் போடிக்கும் வந்து சேர்ந்தது. பழைய மீட்டர்கேஜ் பாதையை இனிப் புகைப்படத்திலோ மாதிரியிலோதான் காண முடியும். அதனால் இதை மாதிரியாக அமைப்பவர்மீது கொஞ்சம் கூடுதல் பொறுப்பு இருக்கிறது.

எந்த ஆண்டைக் காட்டப்போகிறோம் என்பதே சுழல்மேடை தேவையா என்பதையும் தீர்மானிக்கும். அகலப்பாதைக் காலத்தைக் காட்டுபவருக்கு அது வேண்டியதில்லை. இன்றைய எஞ்சின் எப்பக்கமும் ஓடும், கடைசி நிலையத்தில் வண்டியிலிருந்து கழன்று பக்கத்துப் பாதை வழியே மறுமுனைக்குச் சென்று கோத்துக்கொண்டால் போதும். மீட்டர்கேஜின் கடைசிக் காலத்தில் ஓடிய ஒய்.டி.எம்.-4 டீசல் எஞ்சினுக்கும் இதுவே பொருந்தும். நிலக்கரியும் தண்ணீரும் சுமந்த டெண்டர் தனியாகக் கோத்த நீராவி எஞ்சினுக்குத்தான் திருப்புதல் அவசியம். டெண்டர் முன்னே வரும்படி ஓட்டினால் ஓட்டுநருக்குப் பாதை சரியாகத் தெரியாது, வேகத்தையும் குறைக்க வேண்டும். நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின் டெண்டர் இல்லாதது. அது எப்போதும் வண்டியின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளிக்கொண்டே ஏறி, திரும்பாமலே இறங்கிவிடும்.

எனவே டீசல் காலத்து அமைப்பில் அழகுக்காக ஓடும் சுழல்மேடை ஒன்றை வைப்பது பணவிரயம். பயன்பாடற்றுப் புல் மண்டிய பள்ளமாக அதைக் காட்டினால் செலவும் குறையும், பார்வைக்கும் நம்பும்படி இருக்கும்.

அளவுக் கணக்கு

மீட்டர்கேஜில் பயணிகள் வண்டி இழுத்த ஒய்.பி. எஞ்சின் டெண்டரோடு சேர்ந்து சுமார் 19 மீட்டர் நீளம். 1:87 என்னும் எச்ஓ அளவில் இது சுமார் 219 மி.மீ., 1:160 என்னும் என் அளவில் 119 மி.மீ. அகலப்பாதையின் டபிள்யூ.பி. எஞ்சின் ஏறத்தாழ 24 மீட்டர். எச்ஓ அளவில் அது சுமார் 275 மி.மீ. வரும்.

பாலத்தின்மேல் நிற்க வேண்டியவை சக்கரங்களே. முன்னும் பின்னும் சற்று நீண்டிருக்கும் முட்டுத்தாங்கிகள் பள்ளத்தின் விளிம்பில் உரசாத வரை சிக்கலில்லை. ஆயினும் எஞ்சினின் முழு நீளத்தைவிடப் பாலம் சற்று அதிகமாக இருப்பதே நிம்மதி. ஒவ்வொரு முறையும் மி.மீ. கணக்கில் நிறுத்திப் பார்ப்பது சில நாளில் சலித்துவிடும்.

மீட்டர்கேஜுக்கென்று ஒரு கூடுதல் சங்கடமும் உண்டு. 1000 மி.மீ. அகலத்தை 87-ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் வேண்டும். கடைகளில் எளிதில் கிடைக்கும் எச்ஓ சுழல்மேடைகளோ 16.5 மி.மீ. தண்டவாளம் பொருத்தியவை. பாலத்தின் தண்டவாளத்தைக் கழற்றி 12 மி.மீ. தண்டவாளத்தை ஒட்டுவது செய்யக்கூடிய வேலைதான். என் அளவில் மீட்டர்கேஜ் அமைப்பவர்கள் இசட் அளவுக்கான 6.5 மி.மீ. தண்டவாளத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

கடையில் கிடைப்பவை

அமெரிக்காவின் அட்லஸ் நிறுவனத்தின் எச்ஓ சுழல்மேடை 9 அங்குலம், அதாவது 228 மி.மீ. இதற்குப் பள்ளம் தேவையில்லை, பலகையின்மேல் அப்படியே வைக்கலாம். 15 பாகைக்கு ஒருமுறை தானாக நின்று நேராகும். ஒய்.பி. எஞ்சின் இதில் ஏறக்குறைய மட்டுமட்டாக அடங்கும். ஆனால் பள்ளமில்லாத தட்டையான வட்டம் நம் ஊர் எஞ்சின் கொட்டகையின் சாயலைத் தராது. பிரிட்டனின் பீகோ விற்கும் பள்ளமுள்ள தொகுப்பு சுமார் ஓர் அடி நீளப் பாலம் கொண்டது. மோட்டார் தனி. ஜெர்மனியின் பிளைஷ்மான் மேடையில் மோட்டாரும் பூட்டும் அமைப்பும் உள்ளேயே இருக்கும். பாலம் 310 மி.மீ., நிறுத்தம் 7.5 பாகைக்கு ஒன்று.

சிறிய கிளைப்பாதை நிலையத்திற்கு ஓர் அடிப் பாலம் பெரிது. 1:87 அளவில் அது 26 மீட்டருக்கும் மேல். மீட்டர்கேஜ் கொட்டகையில் அது பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும். இங்கே 230 முதல் 240 மி.மீ. வரையுள்ள பாலத்தை உள்ளூரிலேயே செய்துகொள்வதே சிறந்த தேர்வு எனலாம். லேசர் வெட்டிய அக்ரிலிக் தகடு, ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருக்கும் 608 எண் பேரிங், லேத் பட்டறையில் கடைந்த ஓர் அச்சு ஆகியவை போதும். என் அளவுக்கு இன்னும் எளிய வழி உண்டு. 3.5 மி.மீ. ஆடியோ ஜாக்கையே அச்சாகவும் மின்சாரம் கடத்தும் இணைப்பாகவும் வைத்துவிடலாம்.

எத்தனை பாகைக்கு ஒரு பாதை

பாகை குறைந்தால் அதிகப் பாதைகள் கிடைக்கும், இடமும் அதிகம் விழுங்கும். எச்ஓ அளவில் இரண்டு எஞ்சின்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கப் பாதைகளின் நடுக்கோடுகளுக்கிடையே சுமார் 40 மி.மீ. வேண்டும். 7.5 பாகைப் பிரிவில் மையத்திலிருந்து 30 செ.மீ. தள்ளிப் போனால்தான் அந்த இடைவெளி கிடைக்கும். 15 பாகையில் 15 செ.மீ. தூரத்திலேயே கிடைத்துவிடும். இரண்டு மூன்று பாதைகள் கொண்ட சிறு கொட்டகைக்கு 15 பாகையே போதுமானது.

மின்சாரமும் மோட்டாரும்

இரண்டு தண்டவாளங்களிலும் எதிரெதிர் மின்முனைகள் ஓடுவதால், பாலம் அரைச்சுற்றுத் திரும்பியதும் முனைகள் இடம் மாறிப்போகும். எஞ்சின் வெளியேறும் கணத்தில் குறுக்குச்சுற்று ஏற்படும். இதைத் தவிர்க்க அச்சைச் சுற்றி இரண்டாகப் பிளந்த செம்பு வளையம் வைப்பது பழைய முறை. வளையத்தின் பிளவு எந்தப் பாதைக்கும் நேரே வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். டிசிசி முறையில் தானாக முனை மாற்றும் சிறு கருவி கிடைக்கிறது.

பலரும் தடுமாறுவது மோட்டாரில். மலிவான 28பிஒய்ஜே-48 ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்குச் சுமார் 2048 படிகள் நகரும். 240 மி.மீ. பாலத்தின் முனை ஒரு சுற்றில் கடக்கும் தூரம் 754 மி.மீ. ஆகவே ஒரு படிக்கு 0.37 மி.மீ. நகர்கிறது. தண்டவாளங்கள் தடுமாற்றமின்றிச் சேர 0.2 மி.மீ.க்குள் வர வேண்டும். இந்த மோட்டார் எச்ஓ அளவுக்குப் போதாது. நேமா 17 மோட்டாரை 16 நுண்படியில் ஓட்டி, 1:5 பெல்ட் கப்பி சேர்த்தால் ஒரு சுற்றுக்கு 16,000 படிகள் கிடைக்கும். முனையில் 0.05 மி.மீ. துல்லியம் என்பது தேவைக்கு மேலேயே. பற்சக்கரத் தளர்ச்சியைச் சமாளிக்க, எந்தப் பாதைக்குச் செல்வதானாலும் பாலத்தை எப்போதும் ஒரே திசையிலிருந்து கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வேகமும் முக்கியம். அரைச்சுற்றுக்கு ஒரு நிமிடமாவது எடுக்கட்டும், நான்கு நொடியில் சுற்றினால் குடைராட்டினம் போலிருக்கும்.

மோட்டாரே வேண்டாம் என்பதும் நல்ல முடிவு. மேசைக்கு அடியிலிருந்து கைப்பிடியால் சுற்றி, ஒவ்வொரு பாதைக்கும் ஒரு சிறு தாழ்ப்பாள் வைத்தால், கையால் தள்ளிய பழைய முறைக்கு அதுவே நெருக்கம்.

பலகை

தேனிப் பக்கத்தில் கோடையின் வறட்சிக்குப் பின்னாலேயே தென்மேற்குப் பருவக் காற்றும் ஈரமும் மேற்கு மலை தாண்டி வரும். சாதாரண எம்டிஎஃப் பலகை ஈரத்தில் உப்பும். பள்ளத்தின் விளிம்பு அரை மி.மீ. உயர்ந்தாலும் எஞ்சின் தடம் புரளும். 12 மி.மீ. மரைன் பிளைவுட் எடுத்து, ஓட்டை வெட்டிய உடனேயே வெட்டுவாயில் வார்னிஷ் அடித்துவிட வேண்டும். சுழல்மேடையைத் தனிச் சிறு பலகையில் பொருத்தி, நான்கு மூலையிலும் திருகாணி வைத்து மட்டம் சரிசெய்யும்படி அமைத்தால் ஆண்டுக்கொரு முறை இதழ்மட்டம் வைத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

கம்பம் பள்ளத்தாக்கின் உட்பகுதிக்கு ரயில் வந்ததில்லை. திண்டுக்கல்லிலிருந்து அவ்வழியே பாதை வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. அந்தக் கற்பனைப் பாதையை மாதிரியாக அமைப்பவர், கம்பத்தையோ கூடலூரையோ கடைசி நிலையமாக வைத்துக்கொண்டு, தமக்குப் பிடித்த அளவில் சுழல்மேடை போட்டுக்கொள்ளலாம். அங்கே யாரும் அளவுகோலோடு வந்து சரிபார்க்க முடியாது.