பனிமலை வண்டியின் பாரம் குறைத்தல்

மாரிகாலத்தில் வீதியும் வயலும் வேலியும் ஒரே வெண்ணிலமாகிவிடும் நாடு கனடா. அந்நாட்டின் கியூபெக் மாகாணத்தில், வல்கூர் என்னும் சிற்றூரில், ஜோசப் ஆர்மன்ட் பொம்பார்டியே என்னும் இயந்திர வினைஞர் ஒருவர் வாழ்ந்தார். 1934ஆம் ஆண்டு மாரியில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி கண்டது. பாதைகளைப் பனி மூடியிருந்தமையால் குழந்தையை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை. குழந்தை இறந்தது. இளமை முதலே பனியில் ஓடும் வண்டியொன்றைச் செய்ய முயன்றுவந்த அவர், 1937இல் பற்சில்லும் தொடர்பட்டியும் கொண்ட தமது அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். எனினும், அக்கால இயந்திரங்கள் பாரமானவையாக இருந்தமையால், அவருடைய முதல் வண்டிகள் பலர் ஏறிச்செல்லும் பெருவண்டிகளாகவே அமைந்தன. பாரங்குறைந்த சிறு இயந்திரங்கள் கிடைத்த பின்னரே, 1959இல், ஓரிருவர் ஏறிச்செல்லும் ‘ஸ்கீ-டூ’ என்ற சிறு வண்டி வெளிவந்தது. பனிவண்டியின் வரலாறே பாரம் குறைத்த வரலாறு என்று கூறுதல் தகும்.

இன்று அவ்வண்டிகளுள் ஒரு வகையைப் பற்றியே நாம் ஆராயப் போகின்றோம். பிரித்தானிய கொலம்பியா மாகாணத்திலும், அமெரிக்காவின் ஐடஹோ, வயோமிங், கொலராடோ மாநிலங்களிலும் உள்ள மலைகளில், ஆழ்ந்த மென்பனியின்மீது ஏறுவதற்கென்றே செய்யப்பட்டது மலைப் பனிவண்டி. முன்புறம் இரண்டு சறுக்குப் பலகைகள். பின்புறம், துடுப்புப்போன்ற முனைப்புகள் கொண்ட நீண்ட றப்பர்த் தொடர்பட்டி. புதிய வண்டியின் விலை ஒரு சிறு மோட்டார்க் காரின் விலையை நெருங்குவதால், இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பழைய வண்டியை வாங்கி, அதன் பாரத்தைக் குறைத்து ஓட்டுவோர் பலர். பழைய வண்டி, பெற்றோலும் ஓட்டுநரும் இன்றியே, 225 கிலோவை அண்டிய நிறையுடையது. அதில் எதைக் கழற்றலாம், எதைக் கழற்றலாகாது என்பதே நம் கேள்வி.

முதற்கண், பாரம் ஏன் பகையாகிறது என்பதைக் காண்போம். மலையில் ஏற ஏறக் காற்று ஐதாகின்றது. இயந்திரம் உள்ளிழுக்கும் ஒட்சிசன் குறைகின்றது. கடல்மட்டத்தில் 100 பரிவலு தரும் சாதாரண இயந்திரம், 3,000 மீற்றர் உயரத்தில் ஏறத்தாழ 70 பரிவலுவே தரும். வலு குறைந்துவிடுகின்றது, வண்டியின் நிறையோ அப்படியே இருக்கின்றது.

அடுத்தது பனியின் தாங்குதிறன். ஓட்டுநரோடு சேர்த்து வண்டியின் நிறை 330 கிலோ எனக் கொள்வோம். பட்டி பனியில் படியும் பரப்பு, ஏறத்தாழ 150 சென்றிமீற்றர் நீளமும் 38 சென்றிமீற்றர் அகலமும் உடையது. கணக்கிட்டால், ஒரு சதுர சென்றிமீற்றருக்கு 60 கிராமுக்கும் சற்றுக் குறைந்த பாரமே விழும். சப்பாத்து அணிந்த மனிதன் ஒற்றைக்கால் ஊன்றும்போது விழும் பாரம் இதனிலும் ஐந்தாறு மடங்கு அதிகம். சேற்றில் இறங்குபவன் முழந்தாளளவு புதைய, பலகையில் நிற்பவன் புதையாதிருப்பது போன்றதே இது. இருந்தும் புதுப்பனி மிக மென்மையானது; சிறிது பாரம் கூடினாலும் பட்டி முன்னேறாமல் பள்ளம் தோண்டத் தொடங்கும். அவ்வாறு புதைந்த வண்டியைத் தூக்கியெடுக்க வேண்டியவரும் ஓட்டுநரே.

இனி, எங்குள்ள பாரத்தை முதலிற் குறைப்பது? ஒரு கிலோ எங்கிருந்தாலும் ஒரு கிலோதானே என்று எண்ணுதல் தவறு. சுழலும் உறுப்பின் பாரம் இருமுறை செலவு வைக்கும். தொடர்பட்டி வண்டியோடு முன்னே செல்வதுடன், தானும் சுற்றி ஓடுகின்றது. ஆகவே வேகமெடுக்கும்போது, பட்டியில் குறைத்த ஒரு கிலோ, இருக்கையில் குறைத்த இரண்டு கிலோவுக்குச் சமமாகும். அவ்வாறே, உயரத்திலுள்ள பாரம் தாழ்விலுள்ள பாரத்தைவிட வண்டியைச் சரித்துத் திருப்புவதற்கு அதிக இடையூறாகும்.

வேலையைத் தொடங்குமுன் வண்டியை நிறுத்துப் பார்த்தல் நன்று. பணச் செலவின்றியே குறையக்கூடிய பாரம் வியக்கத்தக்க அளவு உண்டு. பழைய இருக்கையின் தோலுறை கிழிந்திருந்தால், உள்ளேயுள்ள பஞ்சு உருகிய பனிநீரை உறிஞ்சி, இரவில் உறைந்து, பல கிலோ பனிக்கட்டியைச் சுமக்கும். பஞ்சை உலர்த்தி உறையைத் தைத்தாலே போதும். பட்டிக்கு மேலுள்ள கூட்டிலும் கால்வைக்கும் தட்டுகளிலும் அப்பிக்கொள்ளும் பனிக்கட்டி சில வேளைகளில் பத்துக் கிலோவையும் தாண்டும். அதை அவ்வப்போது தட்டியகற்றுதல் வேண்டும். பனி கீழே விழத்தக்க துளைகள் கொண்ட கால்தட்டுகளைப் பொருத்துவதும் இதற்காகவே. பெற்றோல் ஒரு லீற்றர் ஏறத்தாழ முக்கால் கிலோ. 40 லீற்றர் கொள்ளும் தாங்கி நிறைந்தால் 30 கிலோ. குறுகிய பயணத்துக்கு நிறைத்தாங்கி வேண்டியதில்லை. ஆயினும் திரும்பிவரப் போதுமானதற்கு மேலும் சிறிது கையிருப்பு இருத்தல் அவசியம்.

அதன் பின்னரே உறுப்புகளை மாற்றும் வேலை. மின்சாரத்தால் இயக்கும் ஸ்ராட்டரையும் அதன் ஈயப் பற்றரியையும் நீக்கினால் பத்துக் கிலோ வரை குறையலாம். ஆனால், கயிறிழுத்து இயக்கும் ஏற்பாடு அவ்வண்டியில் உண்டா, பற்றரியின்றி ஏனைய மின்னுறுப்புகள் இயங்குமா என்பவற்றை முன்னரே அறிதல் வேண்டும். உருக்குச் சறுக்குப் பலகைகளுக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் பலகைகளை இடலாம். அவற்றில் பனி ஒட்டுவதும் குறைவு. உருக்குச் சுருள்வில்களுக்குப் பதிலாகக் காற்றடைத்த அதிர்ச்சி தாங்கிகளைப் பொருத்தலாம். பட்டி தேய்ந்து மாற்றவேண்டி வரும்போது, பாரங்குறைந்த நெய்தலுடைய பட்டியைத் தேர்ந்தால், முன்சொன்ன இரட்டைப் பயன் கிடைக்கும்.

புகைக்குழாயின் சைலன்சரை மாற்றுவோரும் உளர். அதில் நான்கைந்து கிலோ குறையக்கூடும். ஆயினும் இங்கே எச்சரிக்கை வேண்டும். பழைய ஈரடிப்பு இயந்திரத்தில் புகை வெளியேறும் தடை மாறினால், காற்றும் பெற்றோலும் கலக்கும் அளவும் மாறுபடும். பெற்றோல் குறைந்த கலவை அளவுமீறிச் சூடேற்றும். பிஸ்ரன் உருளையோடு இறுகிவிடும். மலையுச்சிக்கெனக் காபறேற்றரின் துளையைச் சிறிதாக்கிவிட்டு, அப்படியே பள்ளத்தாக்கில் வேகமாக ஓட்டினாலும் இதே கேடு நேரும். அன்றியும், பேரொலி எழுப்பும் வண்டிகளைச் சட்டமும் அயலவரும் பொறுப்பதில்லை.

இனிக் கழற்றலாகாதவை. பட்டியைத் தாங்கியோடும் சிறு சில்லுகளை வீண்பாரமெனச் சிலர் நீக்குவர். மென்பனியில் தீங்கு தெரியாது. கடினமான பாதையிலோ, பட்டி உராயும் பிளாஸ்ரிக் கீலங்கள் சூடேறி உருகும். பின்புறம் தொங்கும் மடிப்பையும் அவ்வாறே வெட்டியெறிவர். திரவத்தாற் குளிரூட்டப்படும் வண்டியில், பட்டி வாரியெறியும் பனியே வெப்பமாற்றிகளைக் குளிர்விக்கின்றது. அப்பனியைத் தடுத்து உள்ளே நிறுத்துவதில் மடிப்புக்கும் பங்குண்டு. வலுவைக் கடத்தும் வார்ப்பட்டியின் மூடியைக் கழற்றுதல் அதனிலும் பெரும் பிழை. அப்பட்டி அறுந்தால் அதன் துண்டுகள் கல்லெறிபோல் வரும். மறித்து நிற்பது அம்மூடி ஒன்றே. அலுமினியச் சட்டத்தில் மனம்போனபடி துளையிடுதலும் ஆகாது. வளைவுகளுக்கும் ஆணிகளுக்கும் அருகிலுள்ள துளையின் விளிம்பிலிருந்தே, அதிர்வு பட்டுப்பட்டு வெடிப்புத் தொடங்கும். சில கிராம் குறைக்கப்போய், ஆளரவமற்ற மலையில் சட்டம் முறிந்து நிற்கும் நிலை வரலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமான பாரம் ஒன்றுண்டு. அது வண்டியின் உறுப்பன்று. மடித்து வைக்கும் மண்வாரி, பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட கோல், புதைந்தவர் இருக்குமிடத்தைக் குறிசெய்யும் சிறு வானொலிக் கருவி ஆகிய மூன்றும் சேர்ந்து இரண்டு கிலோ அளவே இருக்கும். குறிசெய்யும் கருவி வண்டியிலன்றி ஓட்டுநரின் உடலிலேயே கட்டப்பட்டிருத்தல் வேண்டும். பாரங்குறைந்த வண்டி முன்னர் எட்டாத சரிவுகளிலும் ஏறிவிடும். பனிச்சரிவு நேர்வதும் பெரும்பாலும் அத்தகைய செங்குத்தான இடங்களிலேயே. 2008ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் திகதி, பிரித்தானிய கொலம்பியாவில் ஃபேர்ணி நகரை அடுத்த மலையில், பனிவண்டியோட்டச் சென்ற 11 பேரில் 8 பேர் பனிச்சரிவில் மாண்டனர். புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால், பத்துப் பேரில் ஒன்பது பேர் அளவில் உயிர் பிழைக்கின்றனர். அரைமணி நேரம் கழிந்தால் மூவரில் ஒருவரே எஞ்சுகின்றார். அத்தனை குறுகிய நேரத்தில் தொலைவிலிருந்து எவரும் வந்து உதவ இயலாது. கூடச் சென்ற தோழரின் கையிலுள்ள மண்வாரியே உயிர்காக்கும் கருவி. பாரம் குறைப்பதற்காக அதனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது, தோழரின் உயிரை வைத்துவிட்டுப் போவதற்கு ஒப்பாகும்.

ஆகவே, நேயர்களே, பழைய வண்டியைத் திருத்த முனைபவர் தம் பட்டறைத் தரையில் இரு குவியல்கள் இடட்டும். ஒன்றில், நீக்கினால் வண்டி இலகுவாக ஏறும் பொருள்கள். மற்றதில், நீக்கினால் மனிதர் திரும்பி வராத பொருள்கள். இரண்டாம் குவியலில் உள்ளவற்றைத் தராசில் வைக்கவே வேண்டாம். மருந்துக்கு வழியின்றிக் குழந்தையை இழந்த ஒரு தந்தையின் கைகளில் வளர்ந்த ஊர்தி இது. ஏறிச் சென்றவர் மாலையில் வீடு திரும்புமாறு அதனைச் சீர்செய்வதே அதற்குத் தக்க திருத்தமாகும்.