நேற்றைக்கு ஒரு தகவல்

இந்தக் கேள்வி பதில் பக்கம் இன்று இரவு அச்சுக்குப் போகிறது. வந்த கடிதங்களில் பாதியில் ஒரே கேள்வி: போடி மேற்கு மலையில் நியூட்ரினோ ஆய்வகம் வந்திருந்தால் காலத்தில் பின்னால் போயிருக்கலாமா? முடியாது. ‘ஆய்வகம்’ என்று திட்டக் காகிதம் சொன்னது ஏறத்தாழ 2 கி.மீ. சுரங்கமும் 50,000 டன் இரும்புக் கருவியும்தான். அது நியூட்ரினோ என்ற நுண்துகள்களைப் பதிவு செய்யும். யாரையும் எங்கும் அனுப்பாது.

இந்தக் குழப்பம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலிக்கு 730 கி.மீ. போன நியூட்ரினோ, ஒளியைவிட 60 நானோ நொடி முந்தியதாக ஓபரா ஆய்வுக் குழு அறிவித்தது. ‘புரியாத முரண்’ என்று அடக்கமாகத்தான் சொன்னார்கள், ஆனால் உலகமே பார்க்க நேரலையில். கடைசியில் பார்த்தால், சரியாகச் செருகாத ஒரு கண்ணாடி இழைக் கேபிள்.

ஒளியை முந்துவதற்கும் காலத்துக்கும் என்ன தொடர்பு? ஒளியை முந்தும் செய்தி, வேகமாக நகரும் ஒருவர் கணக்கில், கிளம்புமுன்பே சேர்ந்துவிடும். அவர் அதே வழியில் பதில் போட்டால் கேள்விக்கு முன்பே பதில் வரும். உதாரணமாக, குரங்கணித் தோட்டக்காரர் ஒருவர் போடி ஏலத்தில் (ஏலத்தையே ஏலம் விடும் ஊர்!) ஏலக்காயை விற்றுவிட்டார். மறுநாள் விலை ஏறுகிறது. வயிறெரிந்து, நேற்றைய தனக்கே ‘சரக்கை இறக்காதே’ என்று தகவல் விடுகிறார். நேற்றையவர் மூடையை ஸ்டோரிலேயே வைத்துக்கொள்கிறார். இப்போது வயிறு எரியவில்லை. அப்படியானால் தகவல் விட்டது யார்?

சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் ஜார்ஜ் சுதர்சன், பிலனியூக், தேஷ்பாண்டே ஆகியோருடன் 1962இல் இந்த முடிச்சுக்கு ஒரு வழி சொன்னார். எதிர்மறை ஆற்றலோடு காலத்தில் பின்னால் போகும் துகளை, நேர் ஆற்றலோடு முன்னால் போவதாக வாசியுங்கள். வாங்கியவரே அனுப்பியவர் ஆகிவிடுவார். பற்றை வரவில் எழுதி ஐந்தொகையை நேராக்கும் கெட்டிக்காரக் கணக்கு! துகளுக்குச் சரி. ஆனால் நாளைய விலை எழுதிய தகவலை நேற்றையவரே எழுதினார் என்றால், அந்த விலை அவருக்கு எப்படித் தெரியும்? 1970இல் இயற்பியலாளர் பென்ஃபோர்டும் இன்னும் இருவரும் பிடித்ததும் இதே இடத்தைத்தான். எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மற்ற கேள்விகள்.

காலத்தில் பின்னால் போய்த் தாத்தாவைக் கொன்றால்? இதே முடிச்சு, ரத்தம் கூடுதல்.

ஒளியை முந்தும் டேக்கியான் கிடைத்ததா? இல்லை.

போடி மலையில், பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட அந்த ஆய்வகம் என்ன ஆனது? 2015இல் மத்திய அமைச்சரவை சரி என்றது. 2022இல் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் முடியாது என்றது.

2018 மார்ச் 11, குரங்கணிக் காட்டுத் தீ. அதற்கு முந்தைய நாளுக்கு ஒரு வார்த்தை போகுமா? போகாது.